அணைய மறுத்த வைஃபை

கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் வேலுமணியின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு சிஎன்சி மெஷின்கள், ஒரு பழைய லேத், ஓரமாகக் கண்ணாடி தடுத்த ஒரு சின்ன அறை. அந்த அறையில் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் கிருபாசங்கர். வயது இருபத்தாறு. கருமத்தம்பட்டிக்காரன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் பிரிண்டர் பேப்பரைத் தின்றாலும், வாசல் கேமரா படம் காட்டாவிட்டாலும், முதலாளியின் போனில் போட்டோ வைக்க இடம் இல்லாமல் போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "படிச்ச புள்ளதானே, பாத்துக்குவான்" என்பது வேலுமணியின் தீர்மானம். என்ன படித்தான் என்று அவர் கேட்டதில்லை. கிருபாவும் விளக்கியதில்லை.

அவன் அப்பா மாரப்பன் பிறத்தியார் கூடத்தில் தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அந்த வீட்டில் எல்லாருக்கும் உரத்த குரல். கல்லூரியில் முதல் நாள் எழுந்து நின்று பெயரைச் சொன்னபோது வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்குக் குரலைக் குறைத்தவன்தான். குரலோடு சேர்ந்து வேறு எதுவோவும் குறைந்துவிட்டது என்று பின்னால் அவனுக்குத் தோன்றும். தெரிந்ததைக்கூடத் தெரியும் என்று அழுத்திச் சொல்ல வராது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வராது. இரண்டுக்கும் நடுவில் தலையை ஆட்டி வைப்பான்.

படிப்பு முடிந்து கொஞ்ச காலம் சரவணம்பட்டியில் ஒரு கால் சென்டரில் இருந்தான். முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கிற வேலை. அலுத்துப்போய் வேலுமணியிடம் வந்தான். வாடிக்கையாளர் அனுப்பும் ட்ராயிங்கைப் பார்த்து மெஷினுக்கு புரோகிராம் எழுதுவது இங்கே வேலை. அதற்கென்று காந்திபுரத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கினார்கள். திருட்டு விண்டோஸ் போட்டுப் பின்னால் வம்பில் மாட்ட வேண்டாம் என்று கிருபா அதில் லினக்ஸ் ஏற்றினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏதாவது கோளாறு என்றால் இணையத்தில் தேடுவான். எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் எழுதி வைத்த வரியை எடுத்து ஒட்டுவான். சரியாகிவிடும். ஏன் சரியானது என்று தெரியாது. சரியான பிறகும் அந்தக் கேள்வி மட்டும் உள்ளே கிடந்து உறுத்தும்: இது எனக்குத் தெரியுமா, இல்லை எடுத்து ஒட்ட மட்டும்தான் தெரியுமா?

அந்த வட்டாரத்து ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு மரியாதை உண்டு. வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. ஜாப் ஆச்சா என்று போன் வந்தால் "ஆச்சுங்க" என்றுதான் பதில். அப்போது மெட்டீரியலே வந்து இறங்கியிருக்காது. "ஆச்சுங்க, ஃபினிஷிங் போயிட்டிருக்குதுங்க" என்றால் இன்னும் மெஷினில் ஏறவில்லை என்று அர்த்தம். "வண்டி ஏத்தியாச்சுங்க" என்றால்தான் நிஜமாகவே ஃபினிஷிங் நடக்கிறது. கேட்கிறவருக்கும் இது தெரியும். அவரும் தனக்கு மேலே இருப்பவரிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. எப்படியும் செய்துதான் கொடுக்கப் போகிறோம், வார்த்தையைக் கொஞ்சம் முன்னால் அனுப்பி வைக்கிறோம், அவ்வளவுதான்.

வந்த புதிதில் கிருபாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு அவனும் பழகிக்கொண்டான்.

அந்த வருஷம் மில் மெஷின் பாகங்களுக்கான வேலை குறைந்துவிட்டது. இரண்டாவது மெஷின் வாரத்தில் பாதி நாள் சும்மா நின்றது. அதை ஓட்டுகிற பிந்துவிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார் வேலுமணி. வாளையார் பக்கத்துப் பெண், வாய்த்துடுக்கு அதிகம். "மிச்ச நாளுக்கு நான் பாதி ஆளுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இந்த நேரத்தில்தான் வால்வு செய்யும் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து விசாரிப்பு வந்தது. கிடைத்தால் இரண்டு மெஷினும் ஓயாமல் ஓடும். ஒரே நிபந்தனை, அவர்களுடைய ட்ராயிங் வெளியே போகக் கூடாது. ட்ராயிங் வைக்கிற கம்ப்யூட்டரில் வயர்லெஸ் எதுவும் இருக்கக் கூடாது. உள்ளேயே பொருத்தி வந்திருந்தால் அதை நிரந்தரமாக முடக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்தாயிற்று என்று செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் ஆள் நேரில் வந்து சோதிப்பார்.

"கிருபா, அந்த வைஃபை சோலி ஆச்சா கண்ணு?" என்று வேலுமணி கேட்டார்.

கிருபா திரையின் மேல் மூலைக்குப் போய் வைஃபை என்று எழுதியிருந்த இடத்தைத் தட்டி அணைத்தான். "ஆச்சுங்க" என்றான். கையெழுத்தும் போட்டான்.

மறுநாளே சோதிக்க வந்தார்கள். அது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப்பில் பூஜை. அன்றைக்கு மெஷின்களைத் துடைக்கிற வேலையை வேலுமணி வேறு யாரிடமும் விட மாட்டார். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் துணியில் ஒரு கை அள்ளிக்கொண்டு, லேத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எண்ணெய் போகத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வருவார். முக்கியமான ஆள் வருகிற நாள் ஆயிற்றே என்று அன்றைக்கு லேப்டாப்பையும் விடவில்லை. கிருபா அதை ஆன் செய்து தயாராக வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். வேலுமணி கீபோர்டை ஒவ்வொரு சாவியாக அழுத்தித் துடைத்து, மூடியின் மேலே ஒரு பொட்டும் வைத்துவிட்டுப் போனார்.

வந்தவர் உஸ்மா. கோட்டைமேட்டுக்காரர், நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயது, அந்தப் பெரிய கம்பெனியின் குவாலிட்டி இன்ஜினியர். தோளில் பை, கையில் ஹெல்மெட்.

"வாங்க மேடம், வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மோரு குடிக்கறீங்களா, எளநி வெட்டச் சொல்லட்டுங்களா?" என்று வேலுமணி நாற்காலியைத் தன் துண்டாலேயே தட்டிப் போட்டார்.

"தண்ணி போதுங்க. லேப்டாப்பைப் பாத்துட்டு நான் அடுத்த எடத்துக்குப் போகணும்."

"அதெப்படிங்க? ஒறம்பரையா வாசப்படி ஏறி வந்துபோட்டு வெறுந்தண்ணி குடிச்சுட்டுப் போறதுங்களா?"

"நான் ஒறம்பரை இல்லீங்க. சோதனைக்கு வந்திருக்கேன்."

"சோதனைக்கு வந்தா மட்டும் தாகம் எடுக்காதுங்களா?"

உஸ்மா சிரிக்காமல் போனை எடுத்துப் பார்த்தார். தகரக் கூரைக்குக் கீழே அவர் போனுக்கு சிக்னல் வரவில்லை. போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வேலுமணிக்கு மனசு கேட்கவில்லை. வீடு தேடி வந்தவர் ஒன்று இல்லாமல் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் ஒருநாளும் முடிந்ததில்லை.

"சித்த இருங்க மேடம். நம்ம போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுடறனுங்க. பாஸ்வேர்டு எம்பட பேரும் ஒண்ணு ரெண்டு மூணுந்தானுங்க."

அவர் போட்டுவிட்டார். மேஜையிலிருந்த லேப்டாப் டிங் என்றது. மறுபடியும் டிங். அடுத்தடுத்து நாலைந்து தடவை. தேங்கிக் கிடந்த மெயில்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து எட்டிப் பார்த்தன. மேல் மூலையில் வைஃபையின் சின்ன விசிறி முழுதாக விரிந்து நின்றது. முன்பே பழக்கமான 'வேலுமணி' என்ற இணைப்பில் சேர்ந்துவிட்டதாக லேப்டாப் தானாகவே அறிவித்தது.

உஸ்மா போனை இறக்கிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினார்.

"இது என்னங்க?" என்றார் உஸ்மா.

"நான் அணைச்சிருந்தனுங்க" என்றான் கிருபா. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"அணைச்சது எப்படி எந்திரிச்சுது?"

உஸ்மா குனிந்து கீபோர்டைப் பார்த்தார். மேல் வரிசையில் விமானப் படம் போட்ட ஒரு சாவி இருந்தது. அதை அழுத்தினார். விசிறி மறைந்தது. மறுபடியும் அழுத்தினார். விரிந்தது. அந்தச் சாவியின் ஓரத்தில் பனியன் வேஸ்டின் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்று பார்த்த பிந்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதலாளி பூஜை போட்டு வைஃபைக்கு உசுரு குடுத்துட்டாருங்க."

"நீ போயி மெஷினைப் பாரு அம்மணி" என்றார் வேலுமணி.

"மெஷின் சும்மாதானுங்களே நிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றாள்.

உஸ்மா பையிலிருந்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "தம்பி, இதுல நிரந்தரமான்னு போட்டிருக்கு. கீழ உங்க கையெழுத்து." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் கிருபாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வெறும் தகவலாகச் சொன்னார். "நான் பக்கத்துத் தெருவுல இன்னொரு கம்பெனியைப் பாக்கணும். மூணு மணிக்குத் திரும்ப இந்த வழியாத்தான் போவேன். அப்பவும் இப்படித்தான்னா தகுதி இல்லைன்னு எழுதிடுவேன். எழுதிட்டா மறுபடி இந்த வருஷம் உங்களை எடுக்க மாட்டாங்க."

அவர் போன பிறகு வேலுமணி கிருபாவைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, உஸ்மாவுக்கென்று கொண்டுவந்து அவர் குடிக்காமல் விட்டுப்போன மோரை எடுத்துத் தானே குடித்தார். "அந்தக் கார்டையே புடுங்கிப்போட்டா என்ன கண்ணு?" என்றார்.

நல்ல யோசனைதான். லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களைக் கழற்றினார்கள். உள்ளே பிடுங்குவதற்குக் கார்டு என்று தனியாக எதுவும் இல்லை. வைஃபை சிப்பை மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருந்தார்கள். கை வைத்தால் லேப்டாப்பே போய்விடும். அடுத்தது, லேப்டாப் கண்விழிக்கும்போதே வரும் அடிப்படை செட்டிங்கில் போய் அணைக்கலாம். அங்கே போனால் பாஸ்வேர்டு கேட்டது. காந்திபுரம் கடைக்கு வேலுமணி போன் போட்டார்.

"அது ஏதோ கம்பெனி கழிச்சு வித்த மாலுங்க. பாஸ்வேர்டு அவங்க எங்களுக்குச் சொல்லலீங்களே" என்றார் கடைக்காரர். கொஞ்சம் விட்டு, "நாளைக்குக் கேட்டு வெச்சர்றனுங்க, ஆயிருமுங்க" என்றார். அந்த 'ஆயிருமுங்க' எப்படிப்பட்டது என்று வேலுமணிக்கும் கிருபாவுக்கும் தெரியும்.

மிச்சமிருந்தது லினக்ஸிடமே சொல்லி முடக்குவது. கிருபா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். போனில் தேடினான். அவனைப் போலவே கேட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் ஒரு வரி பதில் இருந்தது. எடுத்து ஒட்டுவதற்காகவே வைத்த மாதிரி.

அவன் ஒட்டப் போனான். கை நின்றது. காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது இதுதான் என்று புரிந்தது. நேற்று அவன் அணைத்தது என்ன? எதை முடக்கினான், எது மிச்சம் இருந்தது? அவனுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றின் கீழேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

இந்த முறை அந்த வரியை ஒரு சொல் ஒரு சொல்லாகப் படித்தான். புரியாத சொல்லை விட்டுவிடாமல் அதைத் தனியாகத் தேடினான். கல்லூரியில்கூட அப்படிப் படித்ததில்லை. அங்கே கேள்வி எது வரும் என்று பார்த்துப் படித்தான்.

மெதுவாக விளங்கியது. சிப் வெறும் இரும்பு மாதிரி. அதை இயக்குகிற டிரைவர் என்கிற நிரல் மெமரியில் ஏறினால்தான் அதற்கு உயிர். லேப்டாப் ஆன் ஆனதும் லினக்ஸ் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய டிரைவரை ஏற்றுகிறது. அந்தக் குறிப்பிட்ட டிரைவரை ஏற்றாதே என்று ஒரு விலக்குப் பட்டியலில் எழுதி வைக்கலாம். வைஃபைக்கு இரண்டு டிரைவர்கள் இருந்தன. முதலில் தெரிந்ததன் பெயரை மட்டும் எழுதினான். ரீஸ்டார்ட் செய்தான்.

விசிறி அப்படியே விரிந்து நின்றது.

நேற்றைய கிருபாவாக இருந்தால் அடுத்த வரியைத் தேடி ஒட்டியிருப்பான். இப்போது ஏன் என்று பார்த்தான். அந்தப் பட்டியல் சொல்வதெல்லாம், நீயாகப் போய் ஏறாதே என்பது மட்டும்தான். கூட இருக்கிற இன்னொரு டிரைவர் பெயர் சொல்லி அழைத்தால் அது வந்துவிடும். கூப்பிடாத கல்யாணத்துக்குப் போகாதே என்று ஒருவனிடம் சொல்லி வைத்தால், பத்திரிகை வைத்த கல்யாணத்துக்கு அவன் போகத்தானே செய்வான்.

அதற்கும் ஒரு வழி எழுதியிருந்தது. இந்த டிரைவரை யார் கூப்பிட்டாலும் சரி, அதற்குப் பதிலாக வேறொரு நிரலைப் போய் நிற்கச் சொல்லலாம். அந்த நிரலின் பெயர் ஃபால்ஸ். லினக்ஸ் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது இருக்கிறது. அது என்ன செய்யும் என்று கிருபா தேடினான். எதுவும் செய்யாது. கூப்பிட்டால் வரும், முடியாது என்று சொல்லும், போய்விடும். அதற்காக மட்டுமே யாரோ அதை எழுதியிருக்கிறார்கள்.

கிருபா நாற்காலியில் சாய்ந்துகொண்டான். உதட்டில் சிரிப்பு வந்தது.

"என்ன இன்ஜினியர் சார், மூணு மணிக்கு மானம் போகப்போகுது, நீங்க சிரிச்சுட்டிருக்கீங்க?" பிந்து கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"இதுக்குள்ள ஒரு புரோகிராம் இருக்குது பிந்து. அதோட வேலையே முடியாதுன்னு சொல்றது மட்டுந்தான்."

"அது மட்டுமா?"

"அது மட்டுந்தான்."

"நம்ம கம்பெனில வேலைக்குச் சேத்தா ஒரு நாள் தாங்காதுங்க. முதலாளி மோரு குடுத்தே மனசை மாத்திப்போடுவாரு."

இரண்டு டிரைவருக்கும் அந்த வரியை எழுதினான். ரீஸ்டார்ட் செய்தான். விசிறி இல்லை. வைஃபை என்று எழுதியிருந்த இடமே இல்லை. விமானப் படம் போட்ட சாவியை அழுத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. முழுக்க அணைத்து, சார்ஜர் வயரைப் பிடுங்கி, மறுபடி ஆன் செய்தான். வேலுமணியின் ஹாட்ஸ்பாட்டைப் போடச் சொன்னான். லேப்டாப் கல் மாதிரி கிடந்தது.

"இப்ப என்ன பண்ணினே?" என்று வேலுமணி கேட்டார்.

கிருபா யோசித்தான். அந்த ஒர்க்‌ஷாப்பில் மெஷினைப் பழுது பார்க்கிறவர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்க மாட்டார். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே கையை விடுவார்.

"நேத்துப் பண்ணினது சுவிட்சை அணைச்ச மாதிரிங்க. யாரு கை பட்டாலும் திரும்ப எரியும். இப்ப ஃபியூஸ் கேரியரைப் புடுங்கிப் பாக்கெட்டுல போட்டாச்சுங்க."

"அட, இதை மொதல்லயே செஞ்சுபோட்டிருக்கலாமல்ல?" என்றார் வேலுமணி. அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

உஸ்மா சொன்னபடி வந்தார். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தார். சாவிகளை அழுத்திப் பார்த்தார். தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத் தேடினார். "அந்த எழுதின வரியைக் காட்டுங்க" என்றார். கிருபா மவுஸை நகர்த்தி அந்தக் கோப்பைத் திறந்து காட்டினான். எந்த வரி என்ன செய்கிறது என்று சொன்னான். உஸ்மா தலையாட்டினார். தாளை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

வேலுமணி வாசலைப் பார்த்து, "பிந்து, மேடத்துக்கு மோரு" என்றார்.

கிருபாவின் கை இன்னும் மவுஸின் மேல் இருந்தது. அந்த மவுஸுக்கு வயர் இல்லை.

லேப்டாப்பில் செருகுகிற சின்ன டாங்கிளோடு வாங்கிய மவுஸ் அது. டாங்கிள் எங்கோ விழுந்து தொலைந்துபோக, பிந்துதான் அதைப் புளூடூத்தில் இணைத்துக் கொடுத்தாள். உஸ்மாவின் கவனம் திரையில் மட்டும் இருந்தது, மவுஸைக் குனிந்து பார்க்கவில்லை. புளூடூத்தும் வயர்லெஸ்தான். அதே சிப்தான். அவன் முடக்கியது பாதி.

பிந்து மோர் டம்ளரோடு வாசலில் நின்றாள். அவளும் மவுஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த ஆர்டர் என்றால் வாரம் முழுக்க வேலை.

சொல்லாமல் விட்டால் என்ன? நாளைக்குக் காலையில் வந்து அதையும் முடக்கிவிடலாம். எப்படியும் செய்யத்தான் போகிறோம். கொஞ்சம் முன்னால் சொல்லிவிடுகிறோம். பேனா தாளைத் தொடப் போனது.

"மேடம், இன்னும் ஆகலீங்க."

அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"ஆயிருச்சுங்க மேடம், ஆயிருச்சு" என்று வேலுமணி குறுக்கே புகுந்தார். "பையன் மத்தியானம் சாப்புடலீங்க, அதான் ஒளறறான்."

"என்ன ஆகல?" உஸ்மா கிருபாவைத்தான் கேட்டார்.

"இந்த மவுஸ் புளூடூத்துல ஓடுதுங்க. டாங்கிள் கெடையாதுங்க. வைஃபையை மட்டுந்தான் நிறுத்தியிருக்கேன். புளூடூத் அப்படியே இருக்குதுங்க."

உஸ்மா லேப்டாப்பைத் திருப்பி ஓரங்களைப் பார்த்தார். மவுஸை எடுத்து அடியில் பார்த்தார். பேனாவை மூடினார். வேலுமணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

"நான் கவனிக்கலை. நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அதைக் கையில புடிச்சுட்டே எப்படிங்க ஆச்சுன்னு சொல்றது?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சே நிமிஷமுங்க!" என்றார் வேலுமணி, காலண்டரிலிருந்து திரும்பாமலே.

"தெரியலீங்க" என்றான் கிருபா. "வைஃபை மாதிரியே இதுக்கும் பண்ணலாம்னு நெனைக்கறேன். ஆனா பண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியுமுங்க. இன்னிக்கு முடியாமலும் போகலாம்."

உஸ்மா ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தார். பிறகு பிந்துவிடம் கையை நீட்டினார். "அந்த மோரைக் குடும்மா."

புளூடூத் டிரைவரின் பெயரைக் கண்டுபிடித்தான். பழைய கோப்பின் கீழே அதற்கும் ஒரு வரி சேர்த்தான். இந்த முறை எழுதுவதற்கு முன்பே உஸ்மாவிடம் சொன்னான்: வேறு ஏதாவது இதைப் பெயர் சொல்லி அழைக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன் என்று. அவர் நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு, அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அது சோதனை மாதிரியே இல்லை என்று பிந்து பிறகு சொன்னாள்.

ரீஸ்டார்ட் ஆனது. கிருபா மவுஸை நகர்த்தினான். திரையில் அம்பு அசையவில்லை. மவுஸைத் தட்டினான். அது அவன் கைக்குள் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. உஸ்மா தன் போனில் புளூடூத்தைப் போட்டுத் தேடினார். சந்தில் போன யாருடைய ஹெட்செட்டோ வந்தது, பக்கத்து வீட்டு டிவி வந்தது. லேப்டாப் வரவில்லை.

"இது நிரந்தரமா?" என்று கேட்டார்.

கிருபா திரையில் அந்தக் கோப்பை மறுபடி ஒருமுறை பார்த்தான். "அட்மின் பாஸ்வேர்டு இருக்கிற யாரும் இந்த வரியை அழிச்சுட்டா திரும்ப வந்துருமுங்க. லினக்ஸைப் புதுசா ஏத்தினாலும் வந்துரும். அப்டேட் போட்டா ஒவ்வொரு தடவையும் நான் பாக்கணும். அதுவரைக்கும் நிரந்தரமுங்க."

"பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டுங்க."

உஸ்மா வேலுமணியைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிய வேண்டாமா? முதலாளியாச்சே."

வேலுமணி அவசரமாகக் கையை ஆட்டினார். "எனக்கு வேண்டாமுங்க மேடம். எனக்குத் தெரிஞ்சா யாராச்சும் கேட்டா குடுத்துப்போடுவேன்."

அன்றைக்கு உஸ்மா முதல் தடவையாகச் சிரித்தார். கிருபா சொன்ன வரம்புகளை அவன் சொன்னபடியே தாளில் எழுதி, இந்த லேப்டாப்பில் எந்த மாற்றம் செய்தாலும் கிருபாசங்கர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து, தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வண்டிச் சத்தம் சந்து முனையில் மறைந்த பிறகு வேலுமணி அறைக்குள் வந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் ஏதோ ஒன்று நெஞ்சில் நின்றது.

"நல்லபடியா முடிஞ்சுது. ஆனா கண்ணு, அந்த மவுஸ் சமாச்சாரத்தை என்னை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்லியிருக்கலாமல்ல?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களே."

வேலுமணி மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். சுற்றி வளைத்து ஏதோ சொல்லப் போகிறார் என்று கிருபா நினைத்தான்.

"ஆமா" என்றார் வேலுமணி. "சொல்லியிருப்பேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து பைக் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். வயர் வைத்த மவுஸ் ஒன்று வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். கிருபா வாசலுக்கு வந்தபோது பிந்து இரண்டாவது மெஷினின் கதவைத் திறந்து உள்ளே பனியன் வேஸ்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இன்ஜினியர் சார், நெஜமாவே எனக்கு வாரம் பூரா வேலை இருக்குமுங்களா?"

"ட்ராயிங் வரட்டும் பிந்து. வந்ததும் சொல்றேன்."

"ஒரு 'ஆமா' சொன்னா என்னவாம்" என்று முணுமுணுத்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

கிருபா பைக்கைத் திருப்பிச் சத்தி ரோட்டுக்கு வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு, லேப்டாப்புக்கு அப்டேட் எதுவும் வந்திருக்கிறதா, லினக்ஸின் அடுத்த பதிப்பில் அந்த வரி நிற்குமா என்று போனில் தேட ஆரம்பித்தான். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கி நின்று படித்து முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போனான்.